நாகர்கோவிலில் காது மெஷின் வாங்கினோம்: டெஸ்ட் அருமை, மற்றது சுமார்

வடசேரி பக்கம் மாடியில் இருக்கிற ஒரு சென்டர், கொஞ்சம் திட்டவும் வேண்டியிருப்பதால் பெயர் வேண்டாம். ஆனால் டெஸ்ட் பண்ணின விதத்துக்கு முழு மார்க் கொடுக்கலாம்.

அப்பா குளச்சலில் வள்ளத்து எஞ்சின் இரைச்சலிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர். "சத்தம் கேக்கு மக்ளே, பேச்சுதான் வெளங்கல" என்பதுதான் அவர் குறை. முன்பு போன கடையில் இதைச் சொன்னதும் ஒரு மெஷினை மாட்டி, "கேக்குதா"ன்னு கத்திப் பார்த்துவிட்டு பில் போடக் கிளம்பினார்கள். இங்கே அப்படியில்லை. முதலில் காதுக்குள் பார்த்தார்கள், அழுக்கு அடைப்பு இல்லை என்றதும் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி டெஸ்ட் எடுத்தார்கள். அப்புறம் காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் ஒரு சின்னக் கருவியை வைத்து மறுபடியும் அதே டெஸ்ட். செவிப்பறை, அதை ஒட்டிய சுத்தி, பட்டடை, அங்கவடி எலும்புகள் எதன் தயவும் இல்லாமல் அதிர்வு நேரே உள்காதுக்குப் போய்விடுமாம்; அதிலும் சரியாகக் கேட்கவில்லை என்றால் கோளாறு உள்ளே, நத்தை மாதிரிச் சுருண்டிருக்கிற பகுதியிலோ நரம்பிலோ இருக்கிறது.

அப்பாவுக்கு அதுதான். டெஸ்ட் முடிவைக் கோடாக வரைந்து தருகிற ஆடியோகிராமில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. இரண்டு கோடும் ஒழுங்காக வந்து 4000 ஹெர்ட்ஸ், அதாவது கூர்மையான ஓசை கிட்டே பள்ளத்தில் விழுகிறது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் அடிபடுமாம். உள்காதில் சத்தத்தை உணர்கிற மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000தான், செத்தது திரும்ப முளைக்காது. ஆ, ஓ மாதிரி கனத்த ஓசைகள் தப்பிவிடும், ச, ஸ மாதிரி கூர்மையானவை போய்விடும். காசு எங்கே என்று கேட்டால் அப்பா காதைத் தடவுவது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. அந்தப் பள்ளத்தைப் பார்த்து, குறைகிற இடத்தில் மட்டும் சத்தம் கூடுகிற மாதிரி மெஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டி செட் பண்ணித் தந்தார்கள், காசு கொடுப்பது இதற்குத்தான்.

இனி குறை. லிஃப்ட் கிடையாது, முட்டுவலிக்காரர்கள் பாவம். கவுண்டரில் விலை கூடின மாடலையே திரும்பத் திரும்பத் தள்ளுகிறார்கள். பேட்டரி விஷயத்தைச் சொல்லவே இல்லை: அந்த 312 சைஸ் பேட்டரியின் பிரவுன் ஸ்டிக்கரைக் கிழித்தால் காற்று பட்டு வேலை தொடங்கிவிடும், மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் தீர்ந்துகொண்டே போகும். அப்பா அட்டை முழுக்கக் கிழித்து டிவி மேலே வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். கடலோர ஈரக்காற்றுக்கு மெஷினை ராத்திரி போட்டுவைக்கிற சிலிக்கா ஜெல் டப்பாவும் நாங்களாகக் கேட்ட பிறகுதான் வந்தது, நீங்கள் பில் போடும் முன்னாலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.