கடைக்காரர் ஒருவருக்கு அடித்த 31ஆம் நாள் மலர்: அச்சு நேர்த்தி, வாழ்க்கை வரலாறு போதாது

யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்று அந்தியேட்டிக்கென்று, அதாவது இறந்த 31ஆம் நாள் கிரியைக்கென்று, செய்து கொடுக்கும் நினைவு மலர் சேவையைப் பற்றியது இது. கையிலுள்ள பிரதி, ஊர்ச் சந்தியில் நெடுங்காலம் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு குடும்பத் தலைவருக்காக அடித்தது. ஏ5 அளவு, 48 பக்கம், நடுவே 8 பக்கம் நிறப்படங்கள், கம்பி தைத்த கட்டு. அச்சு வேலையில் பெரிய குறை இல்லை. ஆனால் இல்லை என்று வந்தவருக்கும் சாமான் நிறுத்துக் கொடுத்த மனுஷனை அந்த 48 பக்கத்துக்குள் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் திதி வெண்பா, அதாவது இறந்த வருடம், மாதம், திதியைப் பெயரோடு சொல்லும் பாட்டு. அச்சகத்தில் ஆயத்தமாக ஐந்தாறு வெண்பா வைத்திருக்கிறார்கள். வருடம், மாதம், திதி, பெயர் ஆகியவற்றை மட்டும் மாற்றிப் போடுகிறார்கள். வெண்பா கெடுவது இங்கேதான். 'வேலன்' என்று இருந்த இடம் தேமா என்ற ஈரசைச் சீர். அடுத்த சீர் நிரையசையில் ('முரு' போல) தொடங்க வேண்டும். அங்கே 'கந்தையா' என்று போட்டால் அது மூவசைக் காய்ச்சீர், அடுத்தது நேரசையில் ('வே', 'கந்' போல) தொடங்க வேண்டும். சீர்களை இணைக்கும் தளை உடைந்துவிடும். 'முருகேசு' போன்ற பெயர் நிரையில் தொடங்குவதால் அதற்கு முன்னுள்ள சீரும் சேர்ந்து கெடும். பெயருக்கேற்ப வெண்பா புதிதாகக் கட்டப்பட வேண்டும். ஊரில் யாப்புத் தெரிந்த ஒரு தமிழாசிரியரிடம் கொடுத்தால் ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை.

மாதத்திலும் கவனம் வேண்டும். எங்கள் பேச்சுவழக்கில் ஜனவரியைத் தை என்போம். ஜனவரி 5 பஞ்சாங்கப்படி மார்கழி. வெண்பாவில் 'தை' என்று வந்தால் ஆட்டைத் திவசமே (வருடாந்தத் திதி) மாறிப்போகும். அதேபோல 2026 ஏப்ரல் நடுப்பகுதி வரை விசுவாவசு வருடம்தான். சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகே பராபவ. கனடாவில் இறந்தவர் என்றால் நேரத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் யூலை மாத இரவு 9 மணி என்பது இங்கே மறுநாள் காலை 6.30. இடையில் திதி மாறியிருக்கலாம். எந்தப் பஞ்சாங்கம், வாக்கியமா திருக்கணிதமா என்பதையும் குருக்களிடம் முதலிலேயே கேட்டு வைத்தால் வருடா வருடம் குழப்பம் வராது.

பாராயணப் பகுதி இந்த மலரின் நல்ல பகுதி. பஞ்சபுராணம், சிவபுராணம் முழுவதும் 95 அடி, பிறகு வாழ்த்து. எழுத்து 14 புள்ளி, வயதுபோனவர்கள் கண்ணாடி தேடாமல் வாசிக்கலாம். 'வாஅழ்க' என்ற அளபெடையை இங்கே சரியாகவே விட்டிருக்கிறார்கள். பல மலர்களில் கணினியில் அடிப்பவர் அதைப் பிழையென்று நினைத்துத் திருத்திவிடுவார். பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியதில் மட்டும் சில இடறல்: 'கௌரி' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ளகரம் விழுந்திருக்கிறது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினியில் தேடினால் அந்தப் பெயர் அகப்படாது.

உறவுமுறைப் பக்கத்தை வீட்டில் மூன்று பேராவது தனித்தனியே ஒப்புநோக்க வேண்டும். 'காலஞ்சென்றவர்களான' என்று தொடங்கினால் பின்னால் வரும் இரண்டு பேருமே இறந்தவர்கள் என்றாகும். இதில் உயிரோடிருக்கும் மாமியாரை அப்படிச் சேர்த்துவிட்டு, அச்சான பிறகு ஒட்டுச்சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். 'காலஞ்சென்ற இன்னாரினதும், இன்னாரினதும்' என்று பிரித்து எழுதினால் மயக்கமில்லை. சகலன், சகலி, சம்பந்திமார் பெயர்கள்தான் வழக்கமாக விடுபடுபவை. மனத்தாங்கலும் அங்கேதான் வரும்.

இனி வாழ்க்கை வரலாறு. 'சைவப் பெருங்குடி மக்கள் செறிந்து வாழும் ஊரில் அருந்தவப் புதல்வனாக அவதரித்து' என்று தொடங்கி, 'இன்முகமும் ஈகையும் ஒருங்கே அமையப்பெற்ற வர்த்தகப் பெருமகன்' என்று முடிகிறது. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். காரணம் அச்சகத்தின் படிவம். அதில் பிறப்பு, படிப்பு, திருமணம், பிள்ளைகள், கோயில் பதவி என்று ஐந்தே கேள்வி. கடையைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. கடை எத்தனை மணிக்குத் திறந்தது, சாமான் எங்கிருந்து எப்படி வந்தது, போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் யார் யாருக்கு எந்த ஒழுங்கில் அளக்கப்பட்டன, 1995 ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாணத்துச் சனம் போரால் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது கடையில் இருந்த அரிசிக்கு என்ன நடந்தது, திரும்பி வந்து எதை வைத்து மறுபடி தொடங்கினார்: இவற்றுக்கு நாலு நாலு வரி பதில் எழுதினாலே ஆள் எழுந்து நிற்பார். மனைவியையும், கடையில் நின்ற பொடியனையும், எதிர்க்கடைக்காரரையும் கேட்டால் பிள்ளைகளுக்கே தெரியாத விடயங்கள் வரும்.

இந்த மலரில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது, படப் பகுதியின் கடைசியில். அவருடைய கடன் கொப்பியின் ஒரு தாள். பாண் ஒன்று, சீனி கால் கிலோ, சவர்க்காரம் பாதி, மண்ணெண்ணெய் ஒரு போத்தல் என்று நீலப் பேனையில் வரிசையாக எழுதி, கீழே கூட்டுத்தொகை. கூட்டுத்தொகைக்கு மேலால் சாய்வாக ஒரே ஒரு கோடு. பக்கத்தில் 'தந்தது' என்ற சொல் இல்லை. கடன்காரர் பெயரை வெள்ளைத்தாள் வைத்து மறைத்துத்தான் படமெடுத்திருக்கிறார்கள், அது மிகச் சரியான செயல். அந்த வீட்டார் இன்றும் அதே ஊரில் இருப்பார்கள். வாழ்க்கை வரலாறு மூன்று பக்கத்தில் சொல்ல முடியாததை இந்தத் தாள் சொல்கிறது. இதை உள்ளே புதைக்காமல் வரலாற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

மற்றப் படங்களில் பாதி மங்கல். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்தால் முழு அளவில் போகும். பழைய ஸ்ரூடியோப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்ய வேண்டும். அட்டை தடிப்பானது, ஆனால் மடிப்புக் கோடு அழுத்தாமல் மடித்திருப்பதால் முதுகில் மை வெடித்து வெள்ளை தெரிகிறது. கறுப்பு அட்டை கேட்பவர்கள் இதை ஓடருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நிறப்பக்கங்களை நடுவில் ஒன்றாகச் சேர்த்தது நல்லது, செலவு குறையும். பக்க எண்ணிக்கை 4இன் மடங்காக இல்லாவிட்டால் வெற்றுப் பக்கம் விழும்; அங்கே குடும்ப விருட்சத்தைப் போடலாம்.

நாள் கணக்கு இறுக்கமானது. 10ஆம் நாளுக்குள் எழுத்தும் படமும், 18க்குள் முதல் ஒப்புநோக்கல், 22க்குள் இரண்டாவது, 28இல் புத்தகம் கையில். இந்த அச்சகம் நாள் தவறாமல் கொடுக்கிறது, அதற்காகவே இதை நம்பிப் போகலாம். தலைக்கொன்று என்று கணக்கிடாமல் வீட்டுக்கொன்று என்று கணக்கிட்டு, வெளிநாட்டுக்கென 50 பிரதி கூட்டினால் போதும். பணம் கட்டும்போதே எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் கோப்பையும் கேட்டு வாங்கி, ஒரு பிரதியை இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் நூலகம் இணையத்தளத்துக்குக் கொடுங்கள். அங்கே நினைவு மலர்களுக்கென்றே தனித் தொகுப்பு இருக்கிறது.