அம்மாவின் கைக்குப் பொருந்திய பிரஷர் மிஷின்

அம்மா பினாங்கு ஆயர் ஈத்தாமில், நான் கோலாலம்பூர் செந்தூலில். போனில் எப்போது கேட்டாலும் "நல்லாத்தான்யா இருக்கேன், நீ பசியாறிட்டியா?" என்பதுதான் பதில். கிளினிக்கில் பிரஷர் மாத்திரையைக் கூட்டியதே எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். அதையும் பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் சொன்னார்.

முதலில் இணையத்தில் மலிவாக, மணிக்கட்டில் கட்டும் மிஷின் வாங்கினேன். காசு வீண். மணிக்கட்டை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அம்மா மடியிலேயே வைத்து அழுத்துவார், எண் எகிறும்.

அடுத்தது ஃபார்மசியில் வாங்கிய, மேற்கையில் கட்டும் மிஷின். 200 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கொஞ்சம் மேலே. எண்கள் பெரிதாகத் தெரிகின்றன, அம்மா கண்ணாடியைத் தேடுவதில்லை. ஆனால் முதல் நாளே 168/94! அம்மாவிடம் ஓட, பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். ரயில் டிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வீடியோ காலில் பார்த்தால், மார்க்கெட் பை இன்னும் கதவோரம் கிடக்கிறது, நைட்டிக் கைக்கு மேலேயே பட்டை, வாயில் சீரியல் கதை. ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி உட்காரச் சொன்னேன். 149க்கு இறங்கியது.

அதுவும் சரியான எண் இல்லை. பெட்டியோடு வந்த பட்டை 22 முதல் 32 செ.மீ. கைக்கானது. தையல் நாடாவால் அளந்தால் அம்மாவுக்கு 35. பட்டை சின்னதாக இருந்தால் பிரஷரைக் கூட்டித்தான் காட்டும். பெரிய பட்டைக்குத் தனியாக 80 வெள்ளி கொடுத்தேன். விற்கும்போதே கையளவைக் கேட்டால் என்னவாம்? இன்னும் எரிச்சல் தீரவில்லை. அதை மாட்டிய பிறகு 130 பக்கம் நிற்கிறது.

புளூடூத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அடிக்கடி இணைப்பு விட்டுப்போய், அதை நினைத்தே எனக்குப் பிரஷர் ஏறியது. அம்மா திரையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். எண்ணைவிட அந்தப் படம்தான் எனக்குப் பிடிக்கும். ஓரத்தில் கோப்பி கப் தெரிந்தால், "அரை மணி நேரம் கழிச்சு எடுங்கம்மா" என்று திருப்பி அனுப்பலாம்.

தினமும் கேட்டு அம்மாவைப் பாடாய்ப் படுத்தினேன். கிளினிக் போவதற்கு முந்திய ஒரு வாரம் போதும் என்று டாக்டர்தான் அடக்கினார். காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை, இடையே ஒரு நிமிடம். வீட்டில் எடுக்கும் சராசரி 135/85க்குக் கீழே இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும், ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறக் கூடாதாம். நெஞ்சு வலித்தாலோ வாய் கோணினாலோ மிஷினைத் தேடாமல் ஆம்புலன்ஸுக்கு 999.

போன மாதச் சராசரி மட்டும் தாறுமாறாக இருந்தது. விசாரித்தால், பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் சாயங்காலம் வந்து அதே மிஷினில் எடுத்துக்கொண்டிருக்கிறார். நல்லவேளை, இரண்டு பேர் கணக்கைத் தனித்தனியாக வைக்கப் பொத்தான் இருக்கிறது. 1 அம்மாவுக்கு, 2 ஆன்ட்டிக்கு. இப்போது எனக்கு இரண்டு படங்கள் வருகின்றன.