கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு ஒரு தெரபிஸ்டைத் தேடிய கதை

பிரியாணிக் கடைக்கும் மொபைல் கடைக்கும் ரிவ்யூ எழுத ஆள் இருக்கிறது. இதற்கு யாரும் எழுதுவதில்லை. ஏன் என்றும் தெரியும். சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான ஒருத்தர், அதுவும் ஆண், நாற்பதை நெருங்கும் வயதில் கிருஷ்ணகிரியில் யாரிடம் போய்ச் சொல்வது? நான் போய்ப் பார்த்த இடங்களைப் பற்றி எழுதுகிறேன். கடைசியில் அமைந்த தெரபிஸ்டின் பெயரைப் போடப்போவதில்லை. அவரிடம் யார் போகிறார் என்று தெரிந்தால், எதற்குப் போகிறார் என்பதையும் ஊரே சேர்த்துச் சொல்லிவிடும்.

மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். ஆறாவது படிக்கும்போது ஆரம்பித்தது, எட்டாவது வரை நடந்தது. ஆள் உறவுக்காரர், இப்போது உயிரோடு இல்லை. அதற்கு மேல் இங்கே தேவையில்லை. தூக்கம் கெட்டது. பின்னால் வந்து யாராவது தோளில் கை வைத்தால் உடம்பு விறைத்துப்போகும். என் பையனைக் குளிப்பாட்டவே பயம். டாக்டரிடம் போனது அதற்காகத்தான்.

முதலில் போனது தனியார் மனநல மருத்துவர் ஒருவரிடம். டோக்கன் கொடுத்துவிட்டு, பெயரைச் சொல்லித்தான் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். பக்கத்து பெஞ்சில் எங்கள் ஃபேக்டரிக்கு லோடு கொண்டு வரும் மண்டிக்காரர் ஒருவர். இருவரும் ஒரே நேரத்தில் செல்போனை எடுத்துக் குனிந்துகொண்டோம். உள்ளே ஐந்து நிமிடம்கூட இல்லை. "கல்யாணம் ஆகி குழந்தையும் இருக்கு, அப்புறம் என்ன தம்பி, ஆம்பளைதானே?" என்றார். மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையில் தூக்கம் வந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவரிடம் பேச இனி ஒன்றும் இல்லை என்று வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது.

அடுத்து ஒரு கவுன்சிலிங் சென்டர். போர்டில் நினைவாற்றல் பயிற்சி, கையெழுத்துப் பயிற்சி, தம்பதியர் பிரச்சினை, குடிப்பழக்கம் எல்லாம் இருந்தது. அங்கே இருந்தவர் உட்கார வைத்த உடனே, எங்கே, எப்போது, என்ன செய்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் சொன்னேன். கடைசியில், "செத்தவங்க மேல கோபம் வெச்சுக்கக் கூடாதுங்க, மனசார மன்னிச்சிருங்க, எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு தியான சி.டி.யை நீட்டினார். அன்று ராத்திரி வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு பல நாள் வேலையில் கூட்டல்கூட ஓடவில்லை. ஆளைத் திடப்படுத்தாமல் முதல் நாளிலேயே எல்லாவற்றையும் கிளறி எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிய வேண்டியது. நம் நாட்டில் "கவுன்சிலர்" என்று போர்டு மாட்ட யாரும் யாரையும் பெரிதாகக் கேட்பதில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் அப்படி இல்லை. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், அதற்கு ஒரு பதிவு எண் உண்டு. அந்த எண்ணைக் கேட்கலாம், கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கேட்டதற்கு முகம் சுளிக்கிறாரா, சட்டென்று சொல்கிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

பாதை காட்டியது 14416. அரசின் மனநல உதவி எண், பெயர் டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். சீசன் நேரத்தில் ராத்திரி ஷிப்ட், எடை மேடை பக்கத்தில் லாரிகள் வரிசையில் நிற்க, ஓரமாகப் போய்ப் பேசினேன். எடுத்த பெண், "நீங்க சொல்ல விரும்பற அளவுக்கு மட்டும் சொன்னா போதும்" என்றார். மாத்திரை கொடுக்கும் டாக்டர் வேறு, பேச்சின் வழியாகச் சிகிச்சை தரும் சைக்காலஜிஸ்ட் வேறு, எனக்கு இரண்டாமவரும் தேவை என்று புரிய வைத்தவர் அவர்தான். குறை என்றால், அடுத்த முறை கூப்பிட்டால் வேறொருவர் எடுப்பார், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ராத்திரி தாங்க முடியாத நேரத்துக்கு நல்லது. வருடக்கணக்கான வேலைக்கு அது போதாது.

பெண்கள் படிக்கிறீர்கள் என்றால் 181 உதவி எண் இருக்கிறது, மாவட்டத்தில் சகி மையமும் உண்டு. ஆலோசனை, மருத்துவம், சட்ட உதவி, அவசரத்துக்குத் தங்க இடம் எல்லாம் ஒரே கூரையில். குழந்தைக்கு என்றால் 1098. வளர்ந்துவிட்ட ஆணுக்கு என்று தனியாக எதுவும் என் கண்ணில் படவில்லை. மத்திய அரசே 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்குக் கொஞ்சம் மேலே பையன்கள்தான். அந்தப் பையன்கள் எல்லாம் இப்போது என் வயதில் எங்கேயோ கணக்கு எழுதிக்கொண்டும் வண்டி ஓட்டிக்கொண்டும் இருப்பார்கள்.

கையில் காசு இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூர் போக முடிந்தவர்களுக்கு நிம்ஹான்ஸ், மத்திய அரசின் மனநல மருத்துவமனை. மடிவாளாவில் இறங்கி சிட்டி பஸ் பிடித்தால் கொஞ்ச தூரம்தான். கூட்டம் அதிகம், ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போக வேண்டும். எனக்கு லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் தனியாரிடம் போனேன்.

இப்போது பார்ப்பவர் பெங்களூரில் இருக்கும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், தமிழ்க்காரர். காத்திருப்போர் பட்டியலில் கிடந்துதான் இடம் கிடைத்தது, அதற்காகவே அரை மார்க் குறைப்பேன். முதல் செஷனில் அவர் என்னிடம் கதை கேட்கவே இல்லை. தூக்கம், சாப்பாடு, வீட்டில் யாருக்குத் தெரியும், உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா, தோன்றினால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்பதெல்லாம்தான். பிறகு, பேசுவதில் எது வெளியே போகும், எது போகாது என்று தெளிவாகச் சொன்னார். என் உயிருக்கு ஆபத்து என்றாலோ, இப்போது ஏதாவது ஒரு குழந்தை பாலியல் ஆபத்தில் இருப்பது தெரிந்தாலோ சும்மா இருக்க முடியாது, குழந்தை விஷயம் என்றால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ன் போக்சோ சட்டப்படி தெரிவித்தாக வேண்டும் என்றார். மற்றபடி எல்லாம் அந்த அறைக்குள்தான். மண்டிக்காரர் ஞாபகம் வந்தது.

நானாகவே அதை ஆரம்பித்த அன்றும் நிறுத்தினார். "இன்னைக்கு அது வேண்டாம். முதல்ல உங்க உடம்பு இங்கதான் இருக்குன்னு அதுக்குத் தெரியட்டும்" என்றார். கண்ணில் படும் ஐந்து பொருள், தொட முடிகிற நான்கு, கேட்கிற மூன்று என்று எண்ணச் சொன்னார். கேலியாகத்தான் இருந்தது. வீட்டில் தனி அறை இல்லாததால் வீடியோ செஷனுக்கு கே.ஆர்.பி. அணைக்குப் போகிற ரோட்டில் காரை ஓரம் கட்டி உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங் உறையில் பிரிந்த தையல், வேர்க்கடலை வண்டியின் மணி, டாஷ்போர்டில் பையன் ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கர். எண்ணி முடிப்பதற்குள் கழுத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. இப்போது ஆபீஸில் பின்னால் யாராவது வந்தாலும் அதையேதான் செய்கிறேன், யாருக்கும் தெரியாது.

பல மாதம் இப்படிப் போன பிறகுதான் பழைய விஷயத்துக்கு வந்தார். அதற்கு இ.எம்.டி.ஆர். என்ற முறை. நினைவில் ஒரு காட்சியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அதே நேரம் கண்ணை இடமும் வலமும் ஓட்ட வைக்கிறார், அல்லது இரண்டு முழங்காலிலும் மாற்றி மாற்றித் தட்டிக்கொள்ளச் சொல்கிறார். மந்திரவாதம் போலத்தான் தெரிந்தது. ஆனால் இது உலக சுகாதார நிறுவனமே 2013-ல் இந்த மாதிரிக் காயங்களுக்குப் பரிந்துரைத்த முறைகளில் ஒன்று. அந்தக் காட்சியை ஒவ்வொன்றாக வாயால் விவரிக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. இதற்கு மட்டும் நேரில் வரச் சொன்னார், ஓசூர் வழியாக பஸ்ஸில் போய்வந்தேன். முடிந்த அன்று தலை கனக்கும், வண்டி ஓட்டக் கூடாது என்று அவரே எச்சரித்தார். காட்சி அழியவில்லை. ஆனால் அது வந்தால் முன்பு போல என்னைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

மன்னிப்பைப் பற்றி நானே கேட்டேன். "அது உங்க விஷயம், சிகிச்சைக்கு அது கட்டாயமில்லை" என்று முடித்துவிட்டார்.

குறைகளும் உண்டு. ஐம்பது நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், என் சம்பளத்துக்கு அது அதிகம். கேட்டதற்குக் கொஞ்சம் குறைத்தார், கேட்காதவர்களுக்குக் குறைப்பதாகத் தெரியவில்லை, கூச்சப்படாமல் கேளுங்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணம் போச்சு. மாங்காய் லாரி எப்போது வரும் என்று எனக்கே தெரியாத சீசனில் இது ரொம்பக் கஷ்டம். அணைப் பக்கம் மழை வந்தால் வீடியோ நின்றுவிடும், முக்கியமான இடத்தில் நின்றால் எரிச்சல்தான். 'டிரிகர்', 'ரெகுலேட்' என்று ஆங்கிலமும் கொஞ்சம் கூடுதல், தமிழில் சொல்லுங்கள் மேடம் என்றால் சொல்கிறார்.

"இன்னும் எவ்வளவு நாள்ங்க?" என்று வீட்டில் கேட்கிறாள். அவளுக்குப் பாதிதான் தெரியும், மீதியைச் சொல்வதா வேண்டாமா என்று செஷனில் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் மாவட்டத்துப் பக்கம் இந்தக் கேள்விக்கு வேறு கணக்கு உண்டு. 1992-ல் வாச்சாத்தி கிராமத்தில் பழங்குடிப் பெண்களை அரசு ஊழியர்கள் பாலியல் வன்கொடுமை செய்ததற்கு தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011-ல் வந்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023-ல். அந்தப் பெண்கள் அத்தனை வருடமும் வந்து சாட்சி சொல்லிக்கொண்டு இருந்தார்கள். தெரபிஸ்ட் என்னிடம் தேதி எதுவும் சொல்லவில்லை, சில செஷனுக்கு ஒருமுறை உட்கார்ந்து எங்கே இருக்கிறோம் என்று பார்க்கலாம் என்றார். மே, ஜூன், ஜூலையில் மாதம் ஒரு செஷன், சீசன் முடிந்ததும் பழையபடி வாரம் ஒன்று என்று பேசி வைத்திருக்கிறோம்.