பாடம் கேட்பதற்கு இந்தச் சிறு வானொலி எவ்வளவு உதவும்?

வவுனியா பஜாரில் கைபேசி உதிரிப்பாகங்கள் விற்கும் கடைகளில், 5,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் ஒரு சிறிய வானொலிப் பெட்டி கிடைக்கிறது. சீனத் தயாரிப்பான இதன் உறையில் அச்சிட்டிருக்கும் பெயர் கடைக்குக் கடை மாறினாலும் உள்ளே இருப்பது ஒரே பெட்டிதான். பண்பலை, மத்திய அலை, சிற்றலை ஆகிய மூன்றுடன் புளூடூத், மெமரி கார்ட், பென் டிரைவ் வசதிகளும், தலைப்பக்கத்தில் ஒரு ரோச் விளக்கும் உண்டு. பாட்டுக் கேட்பவர்களை மனதில் வைத்தே இதைச் செய்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடனேயே தெரியும். ஆனால் நான் வாங்கியது பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழிமூலம் படிக்கும் தங்கைக்கும், ஒட்டுசுட்டானில் உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் சித்தியின் மகனுக்கும் என்பதால், பாடம் கேட்கும் மாணவருக்கு இது பயன்படுமா என்ற ஒரு கேள்வியை மட்டுமே இங்கே ஆராய்கிறேன்.

பாட்டுக்கு நல்ல பெட்டி பாடத்துக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்றில்லை. தொலைபேசியில் நாம் கேட்கும் குரல் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான ஒலிகளுக்குள் அடங்கிவிடுகிறது. பேச்சு விளங்குவதற்கு அவ்வளவே போதும். இந்தப் பெட்டியோ தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிக் கொடுப்பதால், விரிவுரையாளர் ஒரு புள்ளிவிபரத்தைச் சொல்லும்போது அது எழுபதா எண்பதா என்ற ஐயம் எழுகிறது. சாதாரண இயர்போனைச் செருகினால் இந்தக் குறை பெருமளவு நீங்கிவிடுகிறது. ஒரே அறையில் நால்வர் படிக்கும் விடுதியில் எப்படியும் இயர்போன் வேண்டும் என்பதால், இதை நான் பெரிய குறையாகக் கருதவில்லை.

பண்பலையைப் பொறுத்தவரை முறைப்பாடு இல்லை. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்வதால் அனுப்பும் கோபுரத்தின் உயரம் முக்கியமாகிறது. மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில், கொக்காவிலில் 2011இல் திறக்கப்பட்ட 174 மீற்றர் கோபுரம் ஏ9 வீதியில் போகும் எவருக்கும் தெரிந்த ஒன்று. ஒட்டுசுட்டானில் தகரக் கூரையின் கீழ் இரைச்சல் வருகிறது. பெட்டியை யன்னலோரம் வைத்து அன்டெனாவை முழுவதும் இழுத்துவிட்டால் தெளிவாகிறது.

மத்திய அலையில்தான் பெட்டி தடுமாறுகிறது. எல்.ஈ.டி விளக்கு எரியும் அறையிலும் சூரிய மின்கலத்தின் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அருகிலும் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்பதில்லை. இரவில் தொலைதூர நிலையங்கள் வரும் நேரத்தில், புத்தளத்திலிருந்து 882 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்பாகும் மதச் சேவையின் வலு அயலிலுள்ள நிலையங்களின் மேலும் ஏறிவிடுகிறது. மத்திய அலைக்கான அன்டெனா பெட்டிக்குள்ளேயே கிடையாகக் கிடக்கும், கம்பி சுற்றிய ஒரு பெரைற் (காந்தத் தன்மையுள்ள இரும்புக் கலவை) தண்டு. ஆகவே வெளியே தெரியும் கம்பியை இழுத்துப் பயனில்லை, பெட்டியையே மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். சிற்றலையில் தங்கை பீபீசி உலக சேவையின் ஆங்கில உரையாடல்களைக் கேட்கிறாள். விரிவுரைகளின் ஆங்கிலத்துக்குக் காது பழகுவதற்கு அது உதவுவதாகச் சொல்கிறாள், ஆனால் சில மாலைகளில் அந்த அலைவரிசையில் ஒரு சொல்லும் விளங்குவதில்லை.

இத்தனைக்கும் மேலாக இந்தப் பெட்டியை வாங்கலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், பக்கவாட்டில் இருக்கும் ஒரு சிறிய சிவப்புப் பொத்தான். பண்பலையில் கேட்டுக்கொண்டிருக்கும்போது அதை அழுத்தினால், ஒலிபரப்பு அப்படியே மெமரி கார்டில் பதிவாகிறது. இலங்கையில் பாடசாலை ஒலிபரப்பு 1931இலேயே தொடங்கியது; அந்தக் காலத்திலிருந்து வானொலிப் பாடத்தின் மிகப் பெரிய குறை, அது வந்தவுடன் போய்விடும் என்பதுதான். வகுப்பில் கையை உயர்த்தி மறுபடி கேட்கலாம், வானொலியில் அதற்கு வழியில்லை. செக்கனுக்கு 128 கிலோபிற் வேகத்தில் பதியும் ஒரு மணிநேரப் பாடம் ஏறத்தாழ 58 மெகாபைட்தான் என்பதால், 8 ஜிகாபைட் கார்டில் நூறு மணிநேரத்துக்கு மேல் சேமிக்கலாம். ஒரு சதத்துக்கும் டேட்டா செலவில்லை. கைபேசி இருக்க இது எதற்கு என்று கேட்பவர்கள், மாதக் கடைசியில் டேட்டா முடிந்த ஒரு மாணவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பதிவில் சிக்கல்கள் இல்லாமல் இல்லை. பெட்டிக்குள் மணிக்கூடு இல்லாததால் கோப்புகள் வெறும் இலக்கங்களாகவே சேமிக்கப்படுகின்றன. எது பொருளியல், எது புவியியல் என்று போட்டுக் கேட்டால்தான் தெரியும். தம்பி ஒரு கொப்பியில் கோப்பு இலக்கம், திகதி, பாடம் என்று நிரல் போட்டு எழுதி வைக்கிறான். ஒரு நீண்ட பாடத்தின் நடுவில் நிறுத்தினால், மறுமுறை அது முதலிலிருந்தே தொடங்குகிறது. குறித்த நேரத்தில் தானாகப் பதியும் வசதியும் இல்லை. ஒலிபரப்பு நேரத்தில் பிரத்தியேக வகுப்பில் இருக்கும் மாணவருக்காக வீட்டில் யாராவது பொத்தானை அழுத்த வேண்டும். சித்தி சமைத்துக்கொண்டே அதைச் செய்கிறார், சில நாட்களில் மறந்தும்போகிறார்.

பற்றறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொருளாதாரத் தடையால் உலர் மின்கலம் வன்னிக்குள் வராதிருந்த தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பெட்டியைக் கையில் எடுத்ததும் முதலில் பின்மூடியைத்தான் கழற்றிப் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பது பழைய நோக்கியாக் கைபேசிகளில் வந்த பீ.எல்-5சீ வகைப் பற்றறி என்பதால், பழுதானால் முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ எந்தக் கைபேசிக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். 2022இல் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றதைப் பார்த்த பின், பற்றறியைக் கழற்ற முடியாத எந்தக் கருவியையும் மாணவருக்கு வாங்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை. சார்ஜர் வயரைச் செருகும் துளை மட்டும் விரைவில் தளர்ந்துவிடுகிறது. வயரை ஆட்டாமல் நேராக இழுக்க வேண்டும்.

வாங்கும்போது ஒரு மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே ஒரு நிமிடம் பதிந்து, பதிந்ததைப் போட்டுக் கேட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்கவும். இதே உருவத்திலும் இதே நிறத்திலும் ஒலிப்பதிவு வசதி இல்லாத இன்னொரு மாதிரியும் அதே அலுமாரியில் இருக்கிறது. விலையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம், கடைக்காரரும் கேட்டாலொழியச் சொல்வதில்லை.