எழுத்தைப் போட்டால் சொல்: தளமா, ஸிஸிவாவா, வெறும் பட்டியல் கோப்பா?

கையில் உள்ள ஆங்கில எழுத்துகளிலிருந்து சொல் தேட மூன்று வழிகள்: இணையத் தளம், ஸிஸிவா என்ற மென்பொருள், நாமே வைத்திருக்கும் சொல்பட்டியல் கோப்பு. சில மாதங்களாக மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் கணினியில் ஒரு சொல்பட்டியல் கோப்பு, அதில் பொருந்தும் வரிகளைத் தேடித் தர கிரெப் கட்டளை, இது போதும் என்று நின்றுவிட்டேன். அதனால் நான் நடுநிலையாக எழுதப்போவதில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"இந்த எழுத்துகள் உள்ள சொல்" என்று சாதாரணமாகக் கேட்டுவிடுகிறோம், ஆனால் அதற்குள் வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எழுத்து ஓடுகளைப் பலகையில் வைத்துச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளில் கையில் இருக்கும் ஏழு எழுத்துக்குள்ளேயே சொல் அமைய வேண்டும், ஒரு எழுத்து ஒன்றுதான் இருந்தால் ஒரு தடவைதான் வரலாம். நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ புதிரிலும் ஏழு எழுத்துதான், ஆனால் எதையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம், நடு எழுத்து மட்டும் கட்டாயம். இன்னொரு வகை, கொடுத்த எழுத்துகள் எல்லாம் இருக்க வேண்டும், கூட வேறு எழுத்தும் வரலாம்: ஐந்து உயிரெழுத்தும் உள்ள சொல் என்றால் எஜுகேஷன் உண்டு, சிக்வோயா உண்டு, அகரவரிசையிலேயே வர வேண்டும் என்றால் ஃபசீஷியஸ். எந்தக் கேள்வி என்று தெளிவாகாமல் கருவியைத் திட்டிப் பயனில்லை, நானே திட்டியிருக்கிறேன்.

தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எழுத்தைத் தட்டினால் சொல் வரும், புள்ளி கணக்குப் போட்டு நீளவாரியாக அடுக்கித் தரும், எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய காலி ஓட்டுக்கு ஒரு கேள்விக்குறி போட்டால் போதும், அலைபேசியில் ஓடும். விளம்பரத் தொல்லை எல்லோருக்கும் தெரிந்தது. அது பெரிய விஷயமே இல்லை.

பெரிய விஷயம் சொல்பட்டியல். வந்த சொல் எந்தப் பட்டியலிலிருந்து வந்தது என்று பல தளங்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கில ஸ்கிராபிளுக்கே இரண்டு பட்டியல்கள் உண்டு. காலின்ஸ் அகராதிப் பட்டியலின் 2019 பதிப்பில் 2,79,496 சொற்கள், வட அமெரிக்கப் பட்டியலின் 2018 பதிப்பில் 1,92,111. இரண்டெழுத்துச் சொற்களை மட்டும் எடுத்தால்கூட 127க்கு 107. இது தெரியாமல் ஒரு தளத்தில் பார்த்து இரண்டெழுத்துச் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு, வட அமெரிக்கப் பட்டியல்தான் என்று பேசிவைத்து ஆடிய ஆட்டத்தில் போய் இசட்டும் ஓவும் சேர்த்து வைத்தேன். யாக்கும் பசுவும் கலந்த ஒரு மாட்டு வகைக்கு அந்தப் பெயர், காலின்ஸில் உண்டு, அங்கே இல்லை. எதிராளி சேலஞ்ச் செய்தார், பத்துப் புள்ளி இசட்டைத் திரும்பக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். தளம் பொய் சொல்லவில்லை, வேறு பட்டியலைச் சொன்னது, அவ்வளவுதான். பட்டியல் அப்படியே நிற்பதும் இல்லை. ஓகே என்ற சொல்லையே வட அமெரிக்க அகராதி 2018இல்தான் சேர்த்தது, காலின்ஸ் 2019இல். நீங்கள் பார்க்கும் தளம் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது?

கோப்பை நானே வைத்திருப்பதில் எனக்குப் பிடித்தது இதுதான். எந்தப் பட்டியல் என்று கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அதற்காக எந்தக் கோப்பும் சரி என்று நினைத்துவிடாதீர்கள். மேக்கில் கூடவே வரும் பட்டியலைத்தான் நானும் முதலில் எடுத்தேன், 2.3 லட்சத்துக்கு மேல் சொற்கள், பார்க்கப் பிரமாதமாக இருந்தது. அது 1934ஆம் ஆண்டு வெப்ஸ்டர் அகராதியின் தலைச்சொற்கள். யாரும் கேள்விப்படாத பழைய சொல்லெல்லாம் இருக்கிறது, எஸ் சேர்த்த சாதாரணப் பன்மைகள் பெரும்பாலும் இல்லை. ஸ்கிராபிள் பையில் இருக்கும் நான்கு எஸ்ஸுக்கும் வேலையே இல்லாமல் போகும்! பொதுவுடைமையாகக் கிடைக்கும் எனேபிள் பட்டியலுக்கு மாறினேன், 1.7 லட்சத்துக்கு மேல், பன்மையும் வினை வடிவங்களும் சேர்த்து. போட்டி ஆட்டத்துக்கு அது அதிகாரப்பூர்வம் இல்லை, வீட்டு ஆட்டத்துக்கும் புதிருக்கும் தாராளமாகப் போதும்.

தேடுவதற்கு கிரெப். 1973லேயே கென் தாம்ஸன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு எழுதியது, இன்னும் அசையாமல் ஓடுகிறது. ஐந்து எழுத்தும் இருக்க வேண்டும் என்றால் எழுத்துக்கு ஒன்றாக ஐந்து கிரெப்பை, ஒன்றின் விடை அடுத்ததற்குள் போகும்படி, குழாயில் (பைப்) கோர்த்துவிட்டால் முடிந்தது. ஸ்பெல்லிங் பீ இன்னும் சுலபம்: சதுர அடைப்புக்குள் ஏழு எழுத்து, முன்னால் ^, பின்னால் *$ (சொல் முழுவதும் இந்த எழுத்துகள்தான் என்று பொருள்), அப்புறம் நடு எழுத்துக்கு ஒரு கிரெப், நாலெழுத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும். ஸ்கிராபிளுக்கு இதே கட்டளையைப் போட்டால்தான் சிக்கல், கையில் ஒரு டி இருக்க இரண்டு டி உள்ள சொல்லும் வந்து நிற்கும், எழுத்து எழுத்தாக இரட்டிப்பை வடிகட்ட வேண்டும். அது சலித்துப்போய், ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி இரண்டாவது பத்தியாகக் கோப்பிலேயே சேர்த்துவிட்டேன். ஸ்டாப், ஸ்பாட், டாப்ஸ், போஸ்ட் எல்லாம் ஓ-பி-எஸ்-டி என்ற ஒரே சாவிக்குக் கீழ் வந்துவிடும். ஏழு எழுத்தையும் இறக்கி 50 புள்ளி போனஸ் வாங்கியிருக்க முடியுமா என்று ஆட்டம் முடிந்தபின் பார்க்க இதைவிட வேகமான வழி எனக்குக் கிடைக்கவில்லை. காலி ஓடு இருந்தால் மட்டும் 26 தடவை தேட வேண்டும், அதற்கு ஒரு குட்டி நிரல் எழுதிக்கொண்டேன். எல்லோரும் இதற்கெல்லாம் உட்கார மாட்டார்கள், தெரியும்.

உட்கார மாட்டேன் என்றால் ஸிஸிவா. அகராதியின் கடைசியில் கிடக்கும் ஒரு வண்டின் பெயரை வைத்துக்கொண்ட மென்பொருள், ஸ்கிராபிள்காரர்கள் சொல் படிப்பதற்கென்றே செய்தது. எந்தப் பட்டியல் என்று தெரிந்துதான் தேடுகிறோம், நான் மேலே பிரித்த கேள்விகளுக்குத் தனித்தனித் தேர்வே இருக்கிறது, காலி ஓட்டுக்கும் வழி உண்டு. நான் இரண்டு வாரம்தான் தொட்டுப் பார்த்தேன். போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு இதுதான் சரி என்று தோன்றுகிறது, ஆனால் நான் போட்டி ஆடியதில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

அலைபேசியில் மட்டும் இன்னும் தளம்தான். பட்டியலை நாமே தேர்ந்தெடுக்க விடும் ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறேன், தேடும் முன் அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.