மாத்திரை நேரத்துக்கு எது கைகொடுக்கும்: ஸ்பீக்கரா, கைப்பேசியா, பூட்டுப் பெட்டியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் தனியே கட்டிய அவுட்பில்டிங்கில் தனியாக வாழும் என் தம்பிக்கு அறிவுசார் குறைபாட்டோடு வலிப்பு நோயும் உண்டு. கார்பமாசெபைன் மாத்திரையைக் காலையும் இரவும் அவன் உட்கொள்ள வேண்டும். ஒரு வேளை தவறினால் வலிப்பு வரக்கூடும், மறந்து இரண்டாம் முறை போட்டால் தலைசுற்றலும் தள்ளாட்டமும் வரும். ஆகவே நேரத்தை நினைவூட்டுவதோடு, மறுமுறை எடுக்காமல் தடுப்பதும் கருவியின் வேலையாகிறது.

ஸ்மார்ட் ஸ்பீக்கர் வைஃபையை நம்பிப் பேசுவது. 2023இல் லோட்-ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அது பாதி நேரம் ஊமையாகவே கிடந்தது. மின்சாரம் திரும்பியதும் இணைப்பு இல்லையென்று ஆங்கிலத்தில் அறிவிக்கும். அதையும் மாத்திரைக்கான அழைப்பென்று எண்ணித் தம்பி டப்பியைத் திறந்துவிடுவான். ஒரு மாதத்தில் அதை எடுத்துவிட்டேன்.

கைப்பேசி அலாரத்துக்கு இணையம் வேண்டாம், செலவும் இல்லை. அம்மாவின் குரலில் “மாத்திரை போட்டுக்கோ கண்ணு” என்று பதிவு செய்து, அதையே ஒலியாக வைத்தேன். கேட்டதும் சிரித்துக்கொண்டே விரலால் தேய்த்து நிறுத்துவான்; அத்துடன் வேலை முடிந்ததென்று டிவிக்குத் திரும்பிவிடுவான்.

பூட்டுப் பெட்டி இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. வட்டத் தட்டில் 28 அறைகள். இரு வேளை மருந்துக்கு 14 நாள் வரும். நேரமானதும் தட்டு சுழன்று, ஓர் அறை மட்டும் திறப்புக்கு நேரே வந்து நிற்கும். பெட்டியைக் கவிழ்த்து உள்ளங்கையில் கொட்டும்வரை ஒலி ஓயாது, அடுத்த வேளை வரும்வரை வேறு அறையும் திறக்காது. பேட்டரியில் ஓடுவதால் மின்வெட்டு அதைத் தொடுவதில்லை. கொட்டியதை விழுங்கினானா என்று அதுவும் அறியாதுதான். ஆனால் தம்பிக்குக் கையில் விழுந்தது வாய்க்குப் போய்விடும்.

விலை மூன்றிலும் இதற்கே அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல், சாவி என்னிடம் இருப்பது. தென்னாப்பிரிக்கா 2007இல் ஏற்புறுதி அளித்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு தற்சார்பு வாழ்வை உரிமையாகவே வைத்திருக்க, “என் மாத்திரைக்கு ஏண்ணா பூட்டு?” என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. இப்போது ஒன்றுவிட்டொரு ஞாயிறு அவனே அறைகளை நிரப்புகிறான். நான் எண்ணிப் பார்த்துப் பூட்டுகிறேன்.

தைப்பூசக் காவடிக்கு அம்கேனி ரோடு கோயிலுக்குப் போகும் நாளில் மட்டும் பெட்டி வீட்டில் இருக்க, இரவு மாத்திரை என் சட்டைப்பையில் வரும். அன்று அம்மாவின் குரலே போதும், அதை நிறுத்தும்போது நான் பக்கத்தில் இருப்பதால்.