ஒரே இன்ஜினை இரண்டு முறை பழக்கிய கதை: 23,000 கிலோமீட்டருக்குப் பிறகு

புது வண்டி எடுத்திருக்கும் நண்பர் ஒருவர், முதல் ஆயிரம் கிலோமீட்டரை எப்படி ஓட்ட வேண்டும் என்று சென்ற வாரம் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. என் பைக்கின் இன்ஜினை நான் இரண்டு முறை பழக்கியிருக்கிறேன், அதாவது புது உள்பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி ஓட்டியிருக்கிறேன். முதல் முறை பழக்கிய விதம்தான் இரண்டாம் முறைக்கு வேலை வைத்தது என்று நம்புகிறேன்.

முதல் 500 கிலோமீட்டர் வரை 40-ஐத் தாண்ட வேண்டாம் என்று டேங்கின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நேரான நெடுஞ்சாலையில் டாப் கியரைப் போட்டு, மணிக்கணக்கில் அதே 40-ல் போனேன். சத்தம் குறைவாக இருந்ததால் இன்ஜின் சுகமாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். உண்மையில் உயர் கியரில் குறைந்த சுழற்சியில் இழுக்கும்போது பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் சுமை கூடுகிறது. ஆயில் பம்ப்போ மெதுவாகத்தான் சுற்றுகிறது.

நாலாயிரம் கிலோமீட்டரைக் கடந்ததும் ஆயில் குறையத் தொடங்கியது. பன்னிரண்டாயிரத்தில், ஒரு லிட்டர் மட்டுமே பிடிக்கும் இன்ஜின் ஆயிரம் கிலோமீட்டருக்கு 300 மில்லி குடித்தது. ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் பின்னால் நீலப்புகை வந்தது. சர்வீஸ் நிலையத்தில் மூன்று முறையும் "இது சகஜம்தான்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பதில் மீதான கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

கடைசியில் வேறொரு மெக்கானிக் கம்ப்ரெஷனை, அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளந்தார், பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளந்தார், அளவு ஏறியது. ஆயில் தற்காலிகமாக இடைவெளியை அடைத்ததால்தான் ஏறுகிறது, எனவே கோளாறு வால்வில் இல்லை, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கில்தான் என்றார். பிரித்துப் பார்த்தபோது சிலிண்டர் சுவர் கண்ணாடி போலப் பளபளத்தது. புதுச் சிலிண்டரில் குறுக்கும் நெடுக்குமாக உரசுகல்லால் தீட்டிய மெல்லிய ஹோனிங் கீற்றுகள் இருக்கும். ஆயிலைப் பிடித்துவைப்பவை அவைதாம். அந்தக் கீற்றுகளின் முகடுகளில் தேய்ந்துதான் ரிங் சுவரோடு பொருந்துகிறது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமன்று. எரியும் வாயு ரிங்கின் பின்புறம் புகுந்து தள்ளும் அழுத்தம் அதைவிடப் பெரியது. ஆக்ஸிலரேட்டரைத் திறக்காமலே ஓட்டினால் அந்த அழுத்தம் போதுமான அளவு கிடைக்காது. பொருந்தாத ரிங்கைத் தாண்டி வரும் ஆயில் சுவரிலேயே கருகி, அரக்குப் போலக் கீற்றுகளை நிரப்பிவிடுகிறது. அந்த நிலைக்கு வந்த பிறகு எப்படி ஓட்டினாலும் சரியாவது அரிது.

சுவரை மறுபடி ஹோனிங் செய்து, புது ரிங் போட்டு, சாதாரண மினரல் ஆயிலை ஊற்றிக் கொடுத்தார். இந்த முறை ஸ்டார்ட் செய்து நிறுத்திய இடத்திலேயே நெடுநேரம் உறுமவிடவில்லை. மெதுவாகக் கிளம்பி, இன்ஜின் சூடேறிய பின், மூன்றாம் கியரில் பாதி அளவுக்கு ஆக்ஸிலரேட்டரைத் திறந்து வேகமெடுத்து, பிறகு முழுதும் மூடி, கியரிலேயே வேகம் தணியவிட்டேன். மூடும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் கொஞ்சம் ஆயிலை மேலே இழுத்து, ரிங் பகுதியைக் கழுவிக் குளிர்விக்கிறது. இன்ஜின் சுழற்சியின் உச்ச எல்லையான சிவப்புக்கோட்டின் பக்கம் போகவில்லை. ஒரே வேகத்தில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்கவுமில்லை. 200 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றியபோது, தேய்ந்த உலோகத் துகளால் வெயிலில் அது ஜரிகைப்பொடி போல மின்னியது. ஆயிலை வடிக்கக் கழற்றும் காந்த டிரெயின் போல்ட்டில் சாம்பல் நிறப் பசை அப்பியிருந்தது.

அறுநூறு கிலோமீட்டர் வாக்கில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும், யாரோ பின்னாலிருந்து மென்மையாகப் பிடித்து நிறுத்துவது போல வண்டி தணிந்தது. பதினாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய வண்டியில் அப்படியொரு இன்ஜின் பிரேக்கிங்கை நான் உணர்ந்ததே இல்லை. அன்று தேவையே இல்லாமல் அதே இறக்கத்துக்கு மூன்று முறை திரும்பிப் போனேன்.

நியாயமாகச் சொன்னால், அந்த வேகக் கட்டுப்பாடு அர்த்தமற்றதன்று. புது டயரின் வழுவழுப்புப் போகவும் பிரேக் பேட் டிஸ்க்கோடு பொருந்தவும் சில நூறு கிலோமீட்டர் தேவைப்படுகிறது. ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டக்கூடாது என்று கையேட்டின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததையும் பின்னர் கண்டேன். அதைப் படிக்காதது என் பிழைதான். ஆனால் சுழற்சிமானி பொருத்தி விற்கும் வண்டிக்குச் சுழற்சி எல்லையைச் சொல்லாமல், வேகத்தை மட்டும் கொட்டை எழுத்தில் ஒட்டியது ஏன் என்ற கேள்விக்கு எனக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை.

ரிங் மாற்றி ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஆகிறது. ஓர் ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அளவு இறங்கியதாகவே தெரிவதில்லை. நான் ஓட்டியவற்றில் இதுவே மிகச் சிறந்த இன்ஜின். இருந்தும், இதே வண்டியை மறுபடி வாங்குவீர்களா என்று நண்பர் கேட்டபோது, மாட்டேன் என்றுதான் சொன்னேன். சகஜம்தான் என்று மூன்று முறை திருப்பி அனுப்பியவர்களிடம் நான்காம் முறை போய் நிற்க எனக்கு மனமில்லை. நண்பருடைய வண்டி இப்போது 140 கிலோமீட்டரில் இருக்கிறது. நெடுஞ்சாலைப் பயணத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கவும், அதுவரை வாரம் ஒருமுறை வண்டியை நிமிர்த்தி நிறுத்தி ஆயில் அளவைக் குறித்துவைக்கவும் சொல்லியிருக்கிறேன்.